வேலை இல்லாத நாளுக்கும் பாதிக் கூலி உண்டு

திருப்பூரில் தெரிந்தவர் எதிரில் வந்தால், சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்பே "இந்த வாரம் எத்தனை ஷிப்டுங்க?" என்று கேட்டுவிடுவோம். சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. ஷிப்ட் தெரிந்தால் போதும், அந்த வீட்டில் வாடகை கட்டியாகிவிட்டதா, மகளிர் குழுத் தவணை பாக்கி நிற்கிறதா என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். பனியன் கம்பெனியில் காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்து சாயங்காலம் ஐந்தரைக்கு எழுந்தால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை, ஒன்பது வரை இருந்தால் ஒன்றரை. ஆர்டர் நெருக்கும் மாதங்களில் இந்த ஒன்றரையை யாரும் கூடுதல் வேலையாகவே நினைப்பதில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வண்டித் தவணை, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் மருந்துச் செலவு எல்லாம் அந்த ஒன்றரையை நம்பித்தான் ஓடும்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது முதலில் 25 சதவீதம், ஆகஸ்ட் 27 முதல் மொத்தம் 50 சதவீதம் என்று வரியை ஏற்றியது. ஆண்டுக்கு 40 ஆயிரம் கோடி ரூபாயை ஒட்டி ஏற்றுமதி செய்யும் ஊர் இது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. வரி வரப்போகிறது என்று தெரிந்ததும் இருந்த சரக்கை அவசர அவசரமாகக் கப்பல் ஏற்றினார்கள். அதன் பிறகு லைன் மெதுவாக ஓடத் தொடங்கியது. பல கம்பெனிகளில் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. முதலில் அந்த அரை ஷிப்ட் போனது. அடுத்து சனிக்கிழமை போனது. சில இடங்களில் வெள்ளிக்கிழமையும் போனது. வேலையில் இருக்கிறோம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம் என்கிற நிலையில் குடும்பங்கள் மாதங்களை ஓட்டின.

நான் கம்பெனிகளுக்கு பி.எப்., இ.எஸ்.ஐ. கணக்கு பார்த்துக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், சலான் இவைதான் என் அன்றாடம். அந்தக் காகிதங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. வேலை கொடுக்க முடியாமல் கம்பெனி நிறுத்தி வைக்கும் நாளுக்குச் சட்டப்படி பாதிக் கூலி உண்டு. இந்த ஊரில் அதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அதற்காகத்தான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், அக்கம்பக்கத்திலும் சொல்லுங்கள். வரி ஏறும், இறங்கும். ஆனால் ஷிப்ட் குறைவது இந்த ஊருக்கு இதோடு முடிகிற விஷயம் இல்லை.

சம்பளச் சீட்டில் ஒரு எழுத்து

எங்கள் வீதியில் ஒரு அக்கா இருக்கிறார். செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. நாள் முழுக்க நின்றபடியே செய்ய வேண்டும். அவர் ஒரு நாள் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். பி.எப். சரியாகப் பிடித்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொன்னார். பி.எப். சரியாகத்தான் இருந்தது. என் கண் போனது வேறு இடத்துக்கு. வேலை செய்த நாள் 17. அதற்குப் பக்கத்தில் 'ஏ' என்று போட்டு 9.

'ஏ' என்றால் ஆப்சென்ட். அதாவது வேலை இருந்தது, இவர் வரவில்லை என்று அர்த்தம்.

"இத்தனை நாள் லீவு போட்டீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"நான் எங்க கண்ணு லீவு போட்டேன்? ராத்திரியே வேன் டிரைவர் போன் பண்ணி, நாளைக்கு வேன் வராது, பீஸ் இல்லையாம், வீட்லயே இருங்கன்னு சொல்லிட்டாரு. வேன் வரலைன்னா நான் எப்படிப் போறது?"

பல்லடம், காங்கேயம், தாராபுரம், அவிநாசிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி வேனில் வரும் பெண்கள் எல்லோருக்கும் இந்த போன் அழைப்பு பழக்கமானதுதான். கம்பெனி சொல்லித்தான் அந்த அக்கா வீட்டில் இருந்தார். பதிவேடு சொல்வது என்னவோ அவராக நின்றுவிட்டார் என்று. அந்த ஒரு எழுத்தால் மூன்று இழப்புகள். அந்த நாள்களுக்குரிய பாதிக் கூலி போகிறது. ஆண்டுக்கு 240 நாள் வேலை என்ற கணக்கு உடைகிறது. இ.எஸ்.ஐ.யில் கிடைக்க வேண்டிய சலுகைக்கும் ஆபத்து வருகிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சட்டம் பிறந்ததே ஜவுளிக்காகத்தான்

1953இல் நாட்டின் ஜவுளி மில்களில் சரக்கு விற்காமல் தேங்கியது. மில்கள் ஷிப்டை மூடப் போகின்றன என்ற நிலை வந்தபோது, அந்த ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி மத்திய அரசு ஒரு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு அது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் ஐந்து-ஏ என்ற தனி அத்தியாயமாகச் சேர்ந்தது. ஆளை வேலையை விட்டு அனுப்பாமல், வேலை இல்லை என்று நிறுத்தி மட்டும் வைப்பதற்கு அதில் லே-ஆஃப் என்று பெயர். ஆக, இது எங்கோ இரும்பு ஆலைக்கு எழுதின சட்டம் இல்லை. துணி தேங்கி ஷிப்ட் போன தொழிலாளிக்காக எழுதினது.

சட்டம் சொல்லும் காரணங்களைப் பாருங்கள்: நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் தட்டுப்பாடு, சரக்குத் தேக்கம், இயந்திரக் கோளாறு, இயற்கைச் சீற்றம், இவற்றோடு தொடர்புடைய பிற காரணம். திருப்பூர்க்காரர்களுக்கு இதைப் படித்தாலே ஊரின் கடந்த பதினைந்து வருடம் நினைவுக்கு வரும். 2011 ஜனவரி 28 அன்று நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயம் ஏறாத துணியைத் தைப்பது எங்கே? 2012இல் மின்வெட்டு. 2022 மே மாதம் நூல் விலை தாங்காமல் ஊரே கடையடைத்தது. 2025இல் வரியால் ஆர்டர் நின்றது.

விதிகள் இவைதான். வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்து, ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளி, அதாவது பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை பார்த்தவர், லே-ஆஃப் செய்யப்பட்டால், வாரவிடுமுறை நீங்கலாக ஒவ்வொரு நாளுக்கும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 50 சதவீதம் கொடுத்தாக வேண்டும்.

நேரத்தையும் சட்டம் அளந்து வைத்திருக்கிறது. காலையில் குறித்த நேரத்துக்கு நீங்கள் கேட்டில் போய் நின்றீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் வேலை கொடுக்கவில்லை என்றால் அன்று முழுநாளும் லே-ஆஃப். "மதியத்துக்கு மேல வாங்க, கட்டிங் வந்துரும்" என்று சொல்லி, மதியம் போனதும் வேலை கொடுத்தால் அரைநாள் மட்டும் லே-ஆஃப். மீதி அரைநாளுக்கு முழுக் கூலி. மதியம் வரச் சொல்லிவிட்டு அப்போதும் வேலை கொடுக்காமல் அனுப்பினால் என்ன? அந்தப் பிற்பகலுக்கு லே-ஆஃப் கணக்கு செல்லாது, முழுக் கூலி கொடுக்க வேண்டும். தொழிலாளியை அலைக்கழிக்கக் கூடாது என்பதை எழுபது வருடத்துக்கு முன்பே யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. பாதிக் கூலி விதி அதிலும் அப்படியே இருக்கிறது. மாறியது வேறொன்று. முன்பு 100 பேர் வேலை செய்யும் தொழிற்சாலை லே-ஆஃப் செய்ய அரசின் முன் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. இப்போது அந்த எண்ணிக்கை 300 ஆகிவிட்டது. 100க்கும் 300க்கும் நடுவில் இருக்கும் கம்பெனிகள் இந்த ஊரில் ஏராளம். அங்கே வேலை செய்பவர்களுக்கு இருந்த ஒரு வேலி போய்விட்டது. பாதிக் கூலி என்ற உரிமை மட்டும்தான் மிச்சம். அதையும் கேட்காமல் விட்டால் கையில் ஒன்றும் இல்லை.

கையில் எவ்வளவு வரும்?

கணக்குக்காக ஒரு ஷிப்டுக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஆறு நாள், ஒன்றரை ஷிப்ட் என்றால் ஒன்பது ஷிப்ட், 4,500 ரூபாய். வேலை குறைந்து வாரத்துக்கு நான்கு நாள், ஒரே ஷிப்ட் என்றானால் 2,000 ரூபாய். சட்டப்படி லே-ஆஃப் ஆன இரண்டு நாளுக்குத் தலா 250 வீதம் 500 ரூபாய் வர வேண்டும். மொத்தம் 2,500.

ஆக, 2,500 ரூபாய் குறைந்த இடத்தில் சட்டம் தருவது 500 ரூபாய். காரணம், போன அரை ஷிப்டைச் சட்டம் இழப்பாகவே எடுத்துக்கொள்வதில்லை. அதன் கண்ணில் அது கூடுதல் நேர வேலை. கூடுதல் நேர வேலைக்கு இரட்டைக் கூலி கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஊர் வழக்கத்தில் அரை ஷிப்டுக்கு அரைக் கூலிதான். கொடுக்கும்போதும் அந்த அரை ஷிப்டுக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை, எடுக்கும்போதும் அதற்குக் கேள்வி இல்லை. எட்டு மணி நேரச் சம்பளத்தில் ஒரு குடும்பம் வாழ முடிகிற கூலி இல்லாததுதான் இங்கே அடிப்படைக் கோளாறு. ஷிப்ட் குறையும்போது அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

500 ரூபாய் சின்னத் தொகை என்று விட்டுவிடாதீர்கள். ஒரு வாரத்து அரிசி, எண்ணெய், காய்கறி அதில் வரும். அந்தத் தொகைக்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. அடிப்படையோடு பஞ்சப்படியையும் சேர்த்துப் பாதி என்று சட்டம் சொல்கிறது இல்லையா? அந்தப் பஞ்சப்படி திருப்பூர்த் தொழிலாளிக்குச் சும்மா வரவில்லை. 1984இல் அதற்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. நகையை அடகு வைத்து, கஞ்சி குடித்து வாங்கிய பஞ்சப்படி. அது சம்பளச் சீட்டில் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே தொகையாகவோ 'இதரப் படி' என்றோ போட்டிருந்தால், லே-ஆஃப் கணக்கு போடும்போது தகராறு வரும்.

ஐம்பது பேருக்குக் கீழே

இனி கசப்பான பகுதி. பாதிக் கூலி விதி, முந்தைய மாதத்தில் சராசரியாக 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த தொழிற்சாலைகளுக்குத்தான். திருப்பூர் தொழில் பெரிய கம்பெனிகளால் மட்டும் ஓடுவதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம் என்று துணி ஊரையே சுற்றி வரும். தையல் மட்டும் எடுத்துச் செய்யும் பவர் டேபிள்களில் பல, இருபது முப்பது பேர் வேலை செய்யும் ஷெட்டுகள். மேலே ஆர்டர் குறைந்தால் முதலில் வேலை நிற்பது அங்கேதான். சட்டத்தின் நிழல் விழாததும் அங்கேதான்.

அவர்களுக்கு வழியே இல்லையா? மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, 1976இல் ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 50 பேருக்குக் குறைவான இடத்துக்கு லே-ஆஃப் அத்தியாயம் பொருந்தாது என்பதால், முதலாளி இஷ்டத்துக்கு நிறுத்தி வைத்துவிட்டுக் கூலி இல்லை என்று சொல்லிவிட முடியாது. லே-ஆஃப் செய்யும் அதிகாரம் சட்டத்திலோ நிலையாணையிலோ வேலை ஒப்பந்தத்திலோ இருந்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் தொழிலாளி தன் கூலியைக் கேட்கலாம். தனி ஆளாக வழக்கு நடத்துவது கடினம்தான். சங்கத்தின் மூலம் பேச உட்காரும்போது இந்தத் தீர்ப்பு கையில் இருந்தால் பேச்சின் பலமே வேறு.

இரண்டாவது, குறைந்தபட்சக் கூலி விதி. பனியன் தொழிலுக்கு அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கிறது. நாள் கூலிக்காரர் ஒருவர் வேலைக்கு வந்து, முதலாளி வேலை கொடுக்க முடியாததால் நாலு மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டால், அன்று முழு நாள் வேலை செய்தவராகவே கருதிக் கூலி கொடுக்க வேண்டும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்த விதி 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆள் எண்ணிக்கை இதற்குத் தடை இல்லை. காலையில் வரவைத்து, "கட் பீஸ் தீர்ந்துபோச்சு, கிளம்புங்க" என்று பகலில் அனுப்பும் ஒவ்வொரு நாளுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, பீஸ் ரேட். "நீங்க பீஸ் ரேட் டெய்லர், உங்களுக்கு லே-ஆஃப் எல்லாம் கிடையாது" என்று சொல்லுவார்கள். நம்பாதீர்கள். உத்தரப் பிரதேசத்தின் ஷைனிங் டெய்லர்ஸ் வழக்கில் 1983இல் உச்ச நீதிமன்றம், உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தையல்காரரும் தொழிலாளிதான் என்று சொல்லிவிட்டது. ஓவர்லாக்கோ சிங்கரோ, டஜனுக்கு இவ்வளவு என்று தைத்தாலும் நீங்கள் தொழிலாளிதான்.

அடிக்கடி கேட்கும் இன்னொரு சாக்கு, பனியன் தொழில் சீசன் தொழில் என்பது. சீசன் தொழிற்சாலைகளுக்கு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் எது சீசன் தொழிற்சாலை என்பதில் தகராறு வந்தால் தீர்மானிப்பது அரசு. மேனேஜர் தீர்மானிக்க முடியாது.

இ.எஸ்.ஐ.: 78 என்ற எண்ணை மறக்காதீர்கள்

ஷிப்ட் குறையும்போது யார் கண்ணிலும் படாமல் போகும் இழப்பு இதுதான். இ.எஸ்.ஐ.யில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தா காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால்தான், பின்னால் வரும் ஆறு மாதத்தில் உடம்புக்கு முடியாமல் படுத்தால் 70 சதவீதச் சம்பளம் உதவியாகக் கிடைக்கும். அதுவும் ஆண்டுக்கு 91 நாள் வரை. வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்றால் ஆறு மாதத்தில் 78 தான் வரும். ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல் என்று இரண்டு நாள் நின்றால் 78க்குக் கீழே போய்விடும்.

இதற்கு ஒரு மருந்து சட்டத்திலேயே இருக்கிறது. லே-ஆஃப் நாளுக்குக் கொடுக்கும் தொகையும் இ.எஸ்.ஐ. கணக்கில் சம்பளம்தான். அதாவது லே-ஆஃப் என்று பதிந்து பாதிக் கூலி கொடுத்தால் அந்த நாளுக்கும் சந்தா உண்டு, 78இல் அந்த நாளும் சேரும். 'ஏ' என்று போட்டால் சேராது. 240 நாள் கணக்கிலும் இப்படித்தான்: சட்டப்படி லே-ஆஃப் ஆன நாள் வேலை செய்த நாளாகச் சேரும். இந்த 240தான் அடுத்த முறை லே-ஆஃப் கேட்கவும், ஆட்குறைப்பு நடந்தால் ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி கேட்கவும் அடிப்படை. ஒரு எழுத்துக்கு இவ்வளவு கனம்.

வேலை முழுதாகவே போய்விட்டவர்களுக்கு இ.எஸ்.ஐ.யில் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டம் 2018 ஜூலையில் வந்தது. முதலில் சராசரி தினச் சம்பளத்தில் 25 சதவீதம் தந்தார்கள். கொரோனா காலத்தில் 2020 மார்ச் 24 முதல் அதை 50 சதவீதமாக உயர்த்தினார்கள். 90 நாள் வரை கிடைக்கும். இரண்டு வருடம் இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய சந்தா காலத்தில் 78 நாள், அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாள் சந்தா இருக்க வேண்டும். வேலை போய் 30 நாள் கழித்து நீங்களே நேராக விண்ணப்பிக்கலாம், கம்பெனியின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அவ்வப்போது கால நீட்டிப்பு கொடுத்து நடத்தும் திட்டம் இது. அதனால் போகும் முன் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கவனியுங்கள், இது முழுதாக வேலை இழந்தவருக்குத்தான். ஷிப்ட் குறைந்தவருக்கு இ.எஸ்.ஐ.யில் ஒரு ரூபாய்கூட இல்லை. அரசு வேலைவாய்ப்பு அலுவலகம் கொடுக்கும் மாதம் 200 முதல் 600 ரூபாய் வரையிலான உதவித்தொகையும், படித்துப் பதிவு செய்து ஐந்து வருடம் காத்திருப்பவர்களுக்கானது. பதிவேட்டில் பெயர் இருந்து, வாரத்தில் மூன்று நாள் மட்டும் வேலை கிடைக்கும் டெய்லருக்கு இன்றைக்கு இருக்கும் ஒரே வழி அந்த லே-ஆஃப் பாதிக் கூலிதான்.

என்ன செய்யலாம்?

எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. வேலை இல்லை என்று சொன்னாலும், முடிந்தால் அன்று ஒரு முறை குறித்த நேரத்துக்குக் கம்பெனிக்குப் போய் உங்கள் வருகையைப் பதிவு செய்யுங்கள். தினம் ஒரு முறையாவது வந்து நிற்காதவருக்கு லே-ஆஃப் கூலி இல்லை என்பது விதி. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் தம்பிகள், வேலை குறைந்ததும் ரயில் ஏறிவிடுகிறார்கள். அவர்களுக்கு இதை யாராவது இந்தியில் எடுத்துச் சொல்லுங்கள்.

2. போக முடியாதவர்கள், வர வேண்டாம் என்று வந்த வாட்ஸ்அப் தகவலை அழிக்காதீர்கள். வேன் டிரைவர் போனில் சொன்னால், சூப்பர்வைசருக்கு "நாளை வேலை இல்லை என்று சொன்னார்கள், சரிதானா?" என்று ஒரு செய்தி போட்டு வையுங்கள். வரும் பதில்தான் உங்கள் சாட்சி.

3. சம்பளச் சீட்டு வாங்கியதும் வேலை நாளைப் பாருங்கள். 'ஏ' போட்டிருந்தால் அந்த வாரமே டைம் ஆபீசில் கேளுங்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் பதிவேட்டை மூடியிருப்பார்கள்.

4. அதே ஊரிலோ பக்கத்திலோ இருக்கும் அதே முதலாளியின் இன்னொரு யூனிட்டில், உங்களுக்குத் தெரிந்த மாதிரி வேலையை அதே கூலிக்குக் கொடுத்தால் மறுக்காதீர்கள். மறுத்தால் லே-ஆஃப் கூலி கிடைக்காது.

5. "நீங்களே நின்னுக்கறதா எழுதிக் கொடுங்க, ஆர்டர் வந்ததும் கூப்பிடறோம்" என்று வெள்ளைத்தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்த அடுத்த நிமிடம் லே-ஆஃப் கூலியும் இல்லை, ஆட்குறைப்பு இழப்பீடும் இல்லை.

6. பன்னிரண்டு மாதத்தில் 45 நாளுக்கு மேல் லே-ஆஃப் போனால், மீதி நாளுக்குக் கூலி வேண்டாம் என்று ஒப்பந்தம் போட இடம் இருக்கிறது. அப்படி ஒரு தாள் வந்தால் சங்கத்தில் காட்டாமல் கையெழுத்து வேண்டாம்.

7. கேட்டும் கொடுக்கவில்லை என்றால் பத்துப் பேராகச் சேர்ந்து, தேதி வாரியாக எழுதித் தொழிலாளர் துறையில் மனு கொடுங்கள். தனியாகப் போனால் வேலைக்குச் சிக்கல் வரலாம். சேர்ந்து போங்கள். சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., எல்.பி.எப்., ஐ.என்.டி.யு.சி. என்று எந்தச் சங்கமானாலும் சரி, சந்தா அட்டை இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டிய நேரம் இதுதான்.

கம்பெனி நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். வங்கி வட்டியும் நூல் பில்லும் ஆர்டர் நின்றதற்காகக் காத்திருக்காது. ஆனால் நல்ல டெய்லர் ஒருவர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்? ஆர்டர் திரும்பி வரும் நாளில் மெஷின் இருக்கும், துணி இருக்கும். ஊருக்குப் போனவர் திரும்புவாரா என்று தெரியாது. பாதிக் கூலி கொடுத்து ஆளைத் தக்கவைத்துக்கொள்வது உங்களுக்கும் லாபம்.

அரசு செய்ய வேண்டியது

எல்லாச் சுமையும் முதலாளி தலையில் என்பதும் நியாயம் இல்லை. இருபது பேர் வைத்துப் பவர் டேபிள் நடத்துபவரும் பல சமயம் நேற்றைய டெய்லர்தான். உலகில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் வேலை நேரம் குறைந்தால், குறைந்த பகுதிக்கான நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வேலையின்மைக் காப்பீட்டு நிதி கொடுக்கிறது. பிள்ளை இருந்தால் 67 சதவீதம். 2020 ஏப்ரலில் சுமார் 60 லட்சம் பேர் அந்தத் தொகையில் வேலையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவிலேயே கலிபோர்னியா 1978 முதல் இப்படி ஒரு திட்டம் நடத்துகிறது. வரி போட்ட நாட்டில் நேரம் குறைந்த தொழிலாளிக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. அந்த வரியால் நேரம் குறைந்த நம் ஊர்த் தொழிலாளிக்கு இல்லை.

அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். நம் தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கிழக்குக் கரை மீனவர் குடும்பத்துக்கு அரசு 8,000 ரூபாய் கொடுக்கிறது. தூத்துக்குடி முதலான இடங்களில் உப்பளத் தொழிலாளிக்கு மழைக்காலத்தில் வேலை இல்லாததால் 5,000 ரூபாய் கொடுக்கிறது. வேலை நிற்பது தொழிலாளியின் குற்றம் இல்லை, அந்த நாளில் அடுப்பு எரிய வேண்டும் என்று அரசே ஏற்றுக்கொண்ட கொள்கை இது. கடலில் மீன் குஞ்சு பொரிக்கும் காலத்துக்கும் உப்பு விளையாத காலத்துக்கும் பொருந்தும் அந்த நியாயம், வாஷிங்டனில் போட்ட வரியால் மெஷின் நின்ற திருப்பூருக்கும் பொருந்தும்.

இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் என்று மாதா மாதம் கட்டுகிறோம். பத்துப் பேர் வேலை செய்யும் இடமும் அதற்குள் வருகிறது. அதாவது லே-ஆஃப் விதி எட்டாத பவர் டேபிள் தொழிலாளியின் பெயர், வேலை நாள், சம்பளம் எல்லாம் இ.எஸ்.ஐ. கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. முழு வேலை இழப்புக்கு 90 நாள் கொடுக்கும் அதே திட்டத்தில், பாதி வேலை இழப்புக்கும் ஒரு பிரிவு சேர்ப்பது முடியாத காரியம் இல்லை. மத்திய அரசு அதைச் செய்ய வேண்டும். அதுவரை ஏற்றுமதி நெருக்கடி வரும் மாதங்களுக்கு மாநில அரசு ஒரு நிவாரணத் தொகை அறிவிக்க வேண்டும்.

சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். கூலி ஒப்பந்தப் பேச்சில் சதவீத உயர்வுக்குப் போராடுவது போலவே, வேலை குறையும் நாளுக்கும் ஒரு பிரிவு கேளுங்கள். 50 பேருக்குக் குறைவான இடத்துக்கும் லே-ஆஃப் கூலி உண்டு, கம்பெனி வர வேண்டாம் என்று சொன்ன நாளில் 'ஏ' போடக் கூடாது என்று இரண்டே வரி ஒப்பந்தத்தில் ஏறினால், அது ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

இதைப் படிக்கும் நீங்கள் பனியன் கம்பெனியில் வேலை செய்பவராக இருந்தால், அடுத்த சம்பளத்தன்று சீட்டை மடித்துப் பையில் வைக்கும் முன் 'ஏ' எத்தனை என்று எண்ணுங்கள். அதில் நீங்களாக எடுத்த லீவு எத்தனை, கம்பெனி நிறுத்தியது எத்தனை என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். கம்பெனி நிறுத்திய நாளுக்குப் பாதிக் கூலி உங்களுடையது. கேட்டு வாங்குங்கள்.